தளபதி உட்காராத பதினோரு நாட்கள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்ப்பவளை ஊரில் எல்லோரும் மருந்துக்கடை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். டாக்டர்களின் கையெழுத்தைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எழுதிய டாக்டருக்கே தன் சீட்டு புரியாமல் போய், அதைக் கொடுத்தனுப்பி அவளிடம் கேட்டுவரச் சொன்னது ஒருமுறை நடந்திருக்கிறது. எப்படி முடிகிறது என்று கேட்டால், எழுத்தைப் பார்த்தால் தனக்கும் ஒன்றும் தெரியாது, நோய் என்ன என்று பிடித்துவிட்டால் எழுத்து தானாக வந்துவிடும் என்பாள்.

அவளுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ராணுவ அதிகாரிகள் கைப்பட எழுதிய கடிதங்களைச் சேர்த்தாள். அந்தக் காலத்துப் பட்டாளத்துச் சாமான் சேர்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு வாள் வேண்டும், பதக்கம் வேண்டும், குண்டு துளைத்த தொப்பி கிடைத்தால் ஜென்மம் சாபல்யமாகிவிடும். இவளுக்கு அதெல்லாம் வேண்டாம். அதிகாரிகள் மருந்துக்காரர்களுக்கு எழுதிய கடிதம் மட்டும்தான் வேண்டும்.

ஆரம்பம் தற்செயல்தான். கடை மிகப் பழையது. மலைமேல் கோட்டையில் படை இருந்த காலத்திலேயே அங்கே மருந்து விற்றிருக்கிறார்கள். பின்சுவரோடு சேர்ந்திருந்த மர அலமாரியில் கரையான் ஏறியதும் முதலாளி அதைப் பிரித்துப் போடச் சொன்னார். இழுப்பறைகளை உருவியபோது பின்னால் நூல் கட்டிய ஒரு கட்டு விழுந்தது. கோட்டையிலிருந்து மருந்து கேட்டு வந்த அறுபத்துமூன்று கடிதங்கள். முதலாளி அதையும் குப்பையில் போடச் சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். அவள் கல்லாப் பக்கம் உட்கார்ந்து முதல் கடிதத்தைப் பிரித்தாள். ஒரு கேப்டன் எழுதியிருந்தார்: "மூன்று நாளாக வயிறு போகவில்லை. எதிரி இரண்டு மைல் தூரத்தில் நிற்கிறான். இரண்டையும் ஒரே சமயத்தில் சமாளிக்க என்னால் ஆகாது. முதலில் இதற்கு வழி சொல்." இருமல் மருந்து வாங்க வந்தவர் காத்துக்கொண்டிருக்க, அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்று மாலை அறுபத்துமூன்று கடிதங்களும் இரண்டு செருப்புப் பெட்டிகளில் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

அப்புறம் விட முடியவில்லை. பழைய தாள் வியாபாரிகளுக்கு எழுதிப் போட்டாள். போரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கடிதங்களை யார் வாங்குவார்கள் என்று அவர்களும் சந்தோஷமாக அனுப்பிவைத்தார்கள். மீசைக்குப் பூசிய சாயம் பச்சையாகிவிட்டதென்றும் அணிவகுப்புக்கு நாலே நாள் இருக்கிறதென்றும் கெஞ்சிய ஒரு கர்னல் கிடைத்தார். "தாக்கு" என்று கத்தும்போதெல்லாம் பல்செட் தெறித்து விழுவதாகப் புகார் சொன்ன ஒரு பிரிகேடியர் கிடைத்தார். கொஞ்ச நாளில் அந்தப் பல்செட்டே கிடைத்தது. படைப்பிரிவின் சின்னம் பொறித்த பித்தளை எனிமா பம்பு ஒன்றும் வந்தது.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்குக் கடிதங்களில் அக்கறை இல்லை. ஆனால் பம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் வால்வு இறுக்கமாக இருக்கிறதே என்று மெச்சி, எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தார். ஹாலில் மட்டும் வைக்க வேண்டாம் என்றார். அது ஹாலில், டிவிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தது. வருகிறவர்கள் ஏதோ போட்டியில் ஜெயித்த கோப்பை என்று நினைத்து, யார் வாங்கியது என்று விசாரிப்பார்கள்.

இதெல்லாம் பிடிக்காத ஒரே ஆள் நாத்தனார். வீட்டுக்காரருக்கு அடுத்துப் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர், ஊர் வரலாற்றுக் கழகத்துக்குச் செயலாளர். சரித்திரக்காரர்கள் மூல ஆவணம் என்று ஒன்று சொல்வார்கள். அண்ணியின் அலமாரியைக் காட்டி, "இதுவும் மூல ஆவணம்தான்" என்பாள் நாத்தனார். எந்த மூலம் என்று விளக்க மாட்டாள்.

நாத்தனாருக்கு ஒரே ஒரு ராணுவ வீரர்தான். ஊர்ச் சதுக்கத்தில் குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கும் தளபதி. எதிரிப் படை கோட்டையை மூன்று பக்கமும் வளைத்தபோது கடைசிவரை நின்று ஊரைக் காப்பாற்றியவர். முற்றுகையின்போது அவர் தன் அக்காவுக்கு எழுதிய கடிதம் கழகத்து மண்டபத்தில், ஆள் உயரத்துக்கும் மேலே, புகையேறிய கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. கையெழுத்து படுமோசம். நூறு வருஷத்துக்கு முன்னால் கழகத்தை ஆரம்பித்தவர் அதைப் படித்து ஒரு படி எழுதிவைத்தார். அதில் மூன்று வரிகளைப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்தாக வேண்டும்: "கட்டளை வரும்வரை நின்றுகொண்டே இருப்பேன். உட்காரும் பேச்சுக்கே இடமில்லை. குதிரையைப் பார்த்தாலே கண்ணீர் வருகிறது." மூன்றாவது வரி வாயில்லா ஜீவனிடம் தளபதி வைத்திருந்த பாசத்தைக் காட்டுகிறது என்று நாத்தனார் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வந்தாள்.

முற்றுகையின் நூற்றைம்பதாவது ஆண்டு வந்தது. சிலைக்குக் கீழே முழுக் கடிதத்தையும் கல்லில் வெட்டி வைப்பதென்று கழகம் முடிவு செய்தது. பழைய படியை எடுத்துப் பார்த்தால் பாதியைச் செல்லரித்திருந்தது. அசலைப் படிக்க ஆள் வேண்டும். யாரைக் கேட்பது என்று கழகத்தில் எல்லோரும் நாத்தனாரையே பார்த்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சட்டத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்கள். அக்கா இரண்டு வரி படித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள். எழுந்து போய் செருப்புப் பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்.

"என்ன அண்ணி?"

"இது கட்டளை இல்ல. கட்டி."

நாத்தனாருக்கு விளங்கவில்லை. அக்கா பென்சிலால் தொடாமல் சுட்டிக் காட்டினாள். கட்டளை வரும்வரை என்று படித்துவந்த இடத்தில் இருந்தது, கட்டி வடியும்வரை. கட்டி வடியும்வரை நின்றுகொண்டே இருப்பேன். உட்காரும் பேச்சுக்கே இடமில்லை. குதிரையைப் பார்த்தாலே கண்ணீர் வருகிறது. கட்டி எந்த இடத்தில் என்பதை அதற்கடுத்த வரியில் தளபதியே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். பழைய படியில் அந்த வரிக்கு மூன்று புள்ளிகள் வைத்துத் தாண்டிப் போயிருந்தார்கள்.

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் கட்டியாத்தான் தெரியும் அண்ணி" என்றாள் நாத்தனார்.

அது நியாயமான பேச்சு என்று அக்காவுக்கும் பட்டது. அதனால் வாதாடாமல் செருப்புப் பெட்டிக் கடிதத்தைத் தள்ளிவைத்தாள். அது அவளுக்கு மிகவும் பிடித்த கடிதம். கையெழுத்து வெறும் சுழியாக இருந்ததால் எழுதியவர் யாரென்று தெரியாமல், ஆறு வருஷமாக அவரை நிக்கிற ஆபீசர் என்றே சொல்லிவந்தாள். இப்போது இரண்டு தாளிலும் அதே சுழி, அதே வால். தேதிகூட ஒன்றேதான்.

அந்தக் கடிதம் இப்படி இருந்தது: "மருந்துக்காரருக்கு. நீர் அனுப்பிய களிம்பு பீரங்கிச் சக்கரத்துக்குப் போடத்தான் லாயக்கு. பதினோராவது நாளாக நிற்கிறேன். நின்றபடியே சாப்பிடுகிறேன், சுவரில் சாய்ந்து தூங்குகிறேன். முந்தாநாள் கோட்டையை விட்டுப் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லோரும் ராத்திரியோடு ராத்திரியாக ஊர்ப் பக்கத்து வாசல் வழியே குதிரை ஏறிப் போய்விட்டார்கள். என்னால் ஏற முடியாது. வண்டியில் குப்புறப் படுத்துப் போகலாம் என்றார்கள். குப்புறப் படுத்து ஊரைத் தாண்டிப் போகிற தளபதியை ஊர் லேசில் மறக்காது. ஆகவே பத்துப் பேரோடு இருந்துவிட்டேன். நடந்தால் வலி கொஞ்சம் குறைகிறது. நாள் முழுக்க மதில்மேல் நடக்கிறேன். எதிரிகள் கீழேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே பெரும்படை இருப்பதாக நினைக்கிறார்கள் போலும். வேறு களிம்பு அனுப்பவும்."

எதிரிப் படை அதற்கு இரண்டு நாள் கழித்துத் திரும்பிப் போனது என்பது நாத்தனாருக்குத் தேதியோடு தெரியும். கோட்டையில் இரண்டாயிரம் வீரர்கள் இருந்தார்கள் என்று அவள் கரும்பலகையில் எழுதிப்போடுவது வழக்கம்.

பழைய மாதிரியே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள் நாத்தனார். அக்கா முடியாது என்றாள். கடையில் ஒரு எழுத்தை மாற்றிப் படித்தால் ஒரு உயிர் போகும், அந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டது, தெரிந்தே தப்பாக எழுத வராது என்றாள். பேச்சு வளர்ந்தது. வீட்டுக்காரர் தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே மாட்டாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். மாடியில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

கிளம்பும்போது நாத்தனார் வாசலில் நின்று ஒன்று சொன்னாள். "யார் என்ன மருந்து வாங்குறாங்கன்னு வெளியே மூச்சு விட மாட்டீங்களே அண்ணி. அவரும் உங்க கடைக்கு மருந்து கேட்டு எழுதினவர்தானே?"

அது சுருக்கென்று தைத்தது. இருபத்தாறு வருஷத்தில் யாருடைய நோயும் அவள் வாயிலிருந்து வெளியே போனதில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. செத்துப்போனவர்கள் வாடிக்கையாளர் கணக்கில் வருவார்களா என்று அவள் யோசித்ததே கிடையாது. ஆறு வருஷமாக அவர்களுடைய மலச்சிக்கலைப் படித்துச் சிரித்திருக்கிறாள், வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை நாத்தனாருக்குப் போன் செய்து, தப்பாக எழுதித் தர மாட்டேன், ஆனால் வெளியே சொல்லவும் மாட்டேன், தளபதி பாடு கழகத்தின் பாடு என்று சொல்லிவிட்டாள். டிவி பக்கத்திலிருந்த பம்பையும் எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

அந்த வாரமே கழகத்தின் தலைவர் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற மேஜர். விறைப்பான ஆள். அவர் வீட்டில் தளபதியின் வாள் இருந்தது, சட்டைப் பொத்தான்கள் ஏழு இருந்தன. அக்காவின் சேகரிப்பை அவர் ஒருமுறை கக்கூஸ் கலெக்‌ஷன் என்று சொன்னது அவள் காதுக்கும் வந்திருந்தது. பெண்களிடம் அதிகம் பேசிப் பழக்கமில்லாதவர், நேராக விஷயத்துக்கு வந்தார். ஊர் மானம் சம்பந்தப்பட்ட காரியம், தளபதி பெயருக்குக் களங்கம் வரக்கூடாது, பழைய வாசகத்தையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

கடையில் வேறு யாரும் இல்லை. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். வேண்டாம் என்றார். பேச நேரமாகும் என்று மறுபடியும் சொன்னாள். பரவாயில்லை, நிற்கிறேன் என்றார். அவர் ஒரு காலை மாற்றி மறு காலில் பாரத்தைப் போட்டபோது முகம் ஒரு கணம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை அக்கா கல்லாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. கழகத்துத் தலைவர் வெளியாள் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கைப்பையிலிருந்து மருந்துக்காரருக்கு எழுதிய கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்து, முதலில் இதைப் படியுங்கள் என்றாள். டீச்சர் கட்டி விஷயத்தை மட்டும்தான் சொல்லியிருக்கிறாள், இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை என்பது அவர் படித்த விதத்திலேயே தெரிந்தது.

மேஜர் நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு முதல் வரிக்குத் திரும்பினார்.

"பதினோரு நாளா?" என்றார்.

"ஆமாங்க. அதுக்கப்புறம் எத்தனை நாளோ, தெரியல."

"ஆன்டிபயாட்டிக் எல்லாம் அப்போ கிடையாது."

"கிடையாதுங்க. கீறி விடறதுதான். அதுக்கும் மயக்க மருந்து கிடைச்சிருக்காது."

மேஜர் தாளை மடித்தார். "மதில் மேல நடந்தாரா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு விஷயம் கேட்டார். அக்கா பதில் சொன்னாள், ஒரு களிம்பைக் கொடுத்தாள், வெந்நீரில் தினம் இரண்டு வேளை உட்காரச் சொன்னாள், முக்கியமாக டாக்டரிடம் போகச் சொன்னாள். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்றால், மேஜரே ஊர் முன்னால் சொன்னதுதான்.

விழா காலை பத்து மணிக்குச் சதுக்கத்தில் நடந்தது. பேண்டு வாசித்தார்கள். மேடையில் நாற்காலிகள் போட்டிருந்தும் மேஜர் மட்டும் உட்காரவில்லை. மைக்கைப் பிடித்தார். "இந்தத் தளபதி வீரர்னு நாப்பது வருஷமா பேசிக்கிட்டு வர்றேன். எப்பேர்ப்பட்ட வீரர்னு போன மாசம்தான் எனக்குத் தெரிஞ்சுது" என்று ஆரம்பித்து, இரண்டு கடிதங்களையும் முழுசாக வாசித்தார். மூன்று புள்ளி வைத்துத் தாண்டிய வரியையும் விடவில்லை.

அப்புறம் பேண்டில் ட்ரம்பெட் வைத்திருந்தவர் வாயை எடுக்காமல் சிரித்துவிட, அது கருவி வழியாக விபரீதமான சத்தமாக வெளியே வந்தது. அதோடு கூட்டம் உடைந்தது. மேடையிலிருந்த இரண்டு பிரமுகர்கள் எழுந்து போனார்கள். மேஜர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "சிரிங்க. நானும் ரெண்டு மாசமா இதே மாதிரிதான் நின்னுக்கிட்டிருக்கேன். என்னால பாங்க்ல வரிசையில நிக்க முடியல. அந்த ஆளு நின்னுக்கிட்டே ஒரு கோட்டையைக் காப்பாத்தியிருக்காரு" என்றார். இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. யாரோ கை தட்டினார்கள்.

அக்கா பின்வரிசையில், வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. தன் நோயைத் தானே சொல்லிக்கொள்ள ஒருவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தளபதியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லையே என்ற உறுத்தலும் இருந்தது. வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னபோது, "அவருக்குக் கை தட்டுறாங்களே, அது போதும்" என்றார் அவர்.

ஊர் ஒரு மாதம் இதையே பேசியது. பத்திரிகைக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். ஒருநாள் விடிந்து பார்த்தால் தளபதிக்கும் குதிரைக்கும் நடுவே யாரோ ஒரு தலையணையைச் செருகிக் கட்டியிருந்தார்கள். நகராட்சி எடுத்துப் போட்டது. மறு வாரம் அதைவிட நல்ல தலையணை வந்தது. கல்வெட்டு விஷயத்தில் கழகம் நாலு கூட்டம் போட்டுச் சண்டை பிடித்து, கடைசியில் "நின்றுகொண்டே இருப்பேன்" என்ற இரண்டு சொல்லை மட்டும் வெட்டுவதென்று சமாதானமானது. அதில் பொய்யில்லை என்பதால் அக்கா ஒப்புக்கொண்டாள். மேஜருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கக்கூஸ் கலெக்‌ஷன் என்று சொன்னதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தன்னிடமிருந்த ஏழு பொத்தான்களில் ஒன்றை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நாத்தனார் நாலு மாதம் அண்ணன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவள் கோபம் அண்ணிமேல் மட்டுமல்ல. வகுப்பில் இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளைக் கைகட்டி நிற்கவைத்துச் சொல்லச் சொன்ன வரியை, இப்போது அவர்கள் கேட்காமலே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பாடத்தை எப்படி நடத்துவது என்று தெரியாமல், ஒருநாள் மருந்துக்காரர் கடிதத்தையே வாசித்துவிட்டாள். அந்த வருஷப் பரீட்சையில் முற்றுகைக் கேள்விக்கு வகுப்பு முழுக்கச் சரியாக விடை எழுதியது. பத்து வீரர்கள் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். விடைத்தாள் திருத்திய மறுநாள் அவள் ஒரு துணிப்பையோடு வந்தாள்.

கழகத்துப் பரணில் கிடந்த பதினேழு கடிதங்கள். யாராலும் படிக்க முடியாததால் யாரும் தொடாதவை. பழைய சண்டையைப் பற்றி இருவரும் பேச்சே எடுக்கவில்லை. வீட்டுக்காரர் டீ போட்டு வைத்துவிட்டு, இந்த முறை மாடிக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

முதல் கடிதத்தை நாத்தனாரே படிக்கிறேன் என்று வாங்கினாள். ஒரு குதிரைப்படை லெப்டினன்ட் எழுதியது. திக்கித் திணறி ஒவ்வொரு சொல்லாகப் போனாள். மூன்று ராத்திரி தொடர்ந்து எதிரியின் முரசு கேட்டதாகவும், மூன்று ராத்திரியும் படை முழுவதையும் எழுப்பிக் குதிரைக்குச் சேணம் போட வைத்ததாகவும், வெளியே ஒரு ஈ காக்காய்கூட இல்லை என்றும் இருந்தது. அடுத்த சொல்லில் அவளுக்குத் தடுக்கியது.

"இது என்ன அண்ணி, காடா?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "காது."

நாத்தனார் மீதி வரியைத் தானே படித்தாள். காதுக்குள் ஒரு பூச்சி இருக்கிறது, உடனே எண்ணெய் அனுப்பவும், இந்த விஷயம் படைக்குத் தெரிய வேண்டாம். தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, டீச்சர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. பையில் இன்னும் பதினாறு கடிதங்கள் இருந்தன.